பாஞ்சாலைக்குக் குளிரவில்லை

என் பெயர் செல்லையா, தகப்பனார் பெயர் சிங்காரம், வயது அறுபத்தொன்று. பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே சுங்கை கபுட் தேயிலை எஸ்டேட்டில் லயத்து வீட்டில் குடியிருந்து ஆலையில் வேலை செய்கிறேன். தாதிப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி திலகாவை அடித்ததாக என் மேல் வந்திருக்கும் புகார் தொடர்பாக இதைச் சொல்கிறேன். எழுதுகிறவர் எதையும் மெருகேற்ற வேண்டாம்.

என் மனைவி பாஞ்சாலைக்கு இரத்தம் குறைந்துபோனதால் மலைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில் சேர்த்தோம். அவளுக்கு இரத்தம் ஏற்ற வந்தவள் எங்கள் லயத்துப் பிள்ளை பூவிழி. தாதிப் படிப்பில் அவளுக்கு அன்று கடைசித் தேர்வு. இரத்தம் ஏற்றி நோயாளியைக் கவனிப்பதுதான் பரீட்சை. திலகா கட்டிலின் கால்மாட்டில் அட்டையோடு நின்று மார்க் போட்டார். பாஞ்சாலையை அத்தை என்று கூப்பிடுகிற பிள்ளை, யாரோ போலப் பெயரும் அடையாளக் கார்டு ஐசி எண்ணும் கேட்டது. பாஞ்சாலையும் இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்வது போல உரக்கச் சொன்னாள். குளிரோ முதுகுவலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், இரத்தத்தை நிறுத்திவிடுவோம் என்று பூவிழி முறையாகச் சொன்னாள்.

அதன் பிறகு சற்று நேரத்தில் பாஞ்சாலை போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். பல் தந்தியடித்தது. நாற்பது வருடம் பனியில் கொழுந்து எடுத்தவள் நடுங்கி நான் பார்த்ததில்லை. எழுந்து, அவளுக்குக் குளிருகிறது என்றேன். திலகா, "அங்கிள், டெஸ்ட் நடக்குது லா. நீங்க சொல்லிக் குடுத்தா பிள்ளைக்கு மார்க் போயிரும்" என்றார். அதன் பிறகு பூவிழி குளிருகிறதா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டாள். பாஞ்சாலை என்னை முறைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஏர்கோன் காத்து. நீ பாட்டுக்குச் செய்யி" என்றாள். பிள்ளை தேற வேண்டுமென்று பொய் சொன்னாள். ஊருக்கெல்லாம் நல்லவள், தனக்குத்தான் ஆகாதவள். பூவிழி அதை நம்பினாளோ, நம்பினால் நல்லது என்று நினைத்தாளோ, தெரியாது. திலகா "குட்" என்றார். பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர், கட்டிலில் கிடந்தவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பாஞ்சாலைக்கு மூச்சு முட்டியது. டாக்டர்கள் ஓடி வந்து இரத்தத்தை நிறுத்தினார்கள். அது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மறுநாள் காலையில் போய்விட்டாள். வெளியே வந்த என்னிடம் திலகா, "பேஷன்டே ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க அங்கிள்" என்றார். அதற்குத்தான் அடித்தேன். ஒரே அறை. வருத்தமில்லை.

பூவிழி மேலேயும் நான் புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று போலீஸ் சார்ஜன் சொன்னார். மூச்சு முட்டுவதற்கு முன்பே மார்க் போட்டாகிவிட்டதாம், தேறிவிட்டாளாம். கருமாதிக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதமாட்டேன். பாஞ்சாலை உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த மார்க்கை நானே பிடுங்கினால், அவள் எதற்குச் செத்தாள்?

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) செல்லையா