பாக்கெட்டில் உள்ள முகம்

எங்கள் முறுக்கை நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள் சார். சிவப்புப் பாக்கெட்டில் அகலமான குங்குமப் பொட்டோடு ஓர் அம்மா சிரிப்பாரே, அதுதான் எங்கள் சரக்கு. படத்தில் இருப்பவர் முப்பிடாதியம்மாள், என் மாமியார். தாராவி சந்துகளில் அவர் கூடையில் வைத்து விற்ற கைமுறுக்கை மாட்டுங்கா, செம்பூர் என்று கடை கடையாகக் கொண்டுபோனவன் நான். அவருடைய பெயரையும் முகத்தையும் டிரேட்மார்க்காக என் பெயரில் பதிந்தேன். அத்தை சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டார். "எம் மூஞ்சிக்கு இம்புட்டு மவுசா மருமவனே" என்று கேட்டார்.

அவருடைய கண் ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் நான். பெற்ற மகன் சுயம்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சுயம்பு போன வருஷம் இரண்டு சந்து தள்ளித் தனியாக முறுக்குக் கடை போட்டான். அதே பெயர், அதே படம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான்.

"எங்க அம்மை படத்தப் போட நான் யாருகிட்ட அத்தான் பர்மிஷன் கேக்கணும்?"

என்னிடம்தான் கேட்க வேண்டும். கோர்ட்டும் அதையே சொன்னது. பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டான். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுவாரமே அத்தை என்னை விட்டுப் போய், அவன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதே பொட்டு, அதே சிரிப்பு. என் வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது சார். மகனைவிட மேலாகப் பார்த்துக்கொண்டவனை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டார். வக்கீலிடம் வழி கேட்டேன். படத்தைத் தடுக்கலாம், ஆளைத் தடுக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு முன்னால் நானே சமாதானம் பேசப் போனேன். எப்போதும் நான் வாங்கித்தரும் பெருங்காயத் தூள் டப்பாவைக் கொடுத்தேன். அத்தை என் கன்னத்தைத் தடவினார். தூளில் விஷம் கலந்திருந்தேன். மாவில் பெருங்காயம் சேர்க்க அவர் வேறு யாரையும் விடமாட்டார். எங்களிடம் இருந்த காலத்திலிருந்தே, எண்ணெயிலிருந்து எடுத்த முதல் முறுக்கை அவர் தின்று பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அதனால் வேறு ஒருவருக்கும் ஆபத்தில்லை. இதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை நான்.

அவருடைய காரியங்களை நான்தான் முன்னால் நின்று செய்தேன். தெருமுனையில் சுயம்பு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தான். வீட்டில் வேறு நல்ல படம் இல்லை போலிருக்கிறது, பாக்கெட்டில் இருக்கும் என் படத்தையே ஆள் உயரத்துக்கு அடித்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. குடும்பம் என்று வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் இல்லையா சார்.