மாடிக்குப் போகாதே என்றேன்

ஓடு. கீழே ஓடு. கத்துகிறேன். கையிலிருக்கும் போனில் வானம் தெரிகிறது. ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று மேலே ஏறுகிறது. இன்னொன்று எதிரே வருகிறது. வெளிச்சம். சத்தம் இல்லை. பிறகு சத்தம். டம். கனமான கதவைக் காற்று அறைந்து சாத்துவது போல. போன் ஆடுகிறது. என் மகன் சிரிக்கிறான்.

"ஜெரால்டு! மாடிய வுட்டு எறங்குடா! உள்ள போ! ஜன்னல் கிட்ட நிக்காத!"

"ஒண்ணும் ஆவாதும்மா. எல்லாத்தையும் மேலயே அடிச்சிடுறானுங்க. நல்லா பாரு."

அவன் இருப்பது வளைகுடாவில் ஒரு நகரம். ஏசி மெக்கானிக். கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் அந்த மொட்டை மாடியில்தான் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் போன். அங்கே பொழுது சாய்கிறது. இங்கே கடலூர் முதுநகரில் இருட்டிவிட்டது. என் பக்கத்தில் மருமகள் ஷீலா. அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டார், ஏதோ திருவிழா பார்ப்பது போல. நான் கத்துவது எல்லோருக்கும் கேட்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அத்த, கொஞ்சம் கத்தாம இருங்க. சத்தம் கேக்க மாட்டேங்குது" என்கிறாள் ஷீலா. ஏவுகணை வெடிக்கிற சத்தத்தைக் கேட்பதற்காக என்னை வாயை மூடச் சொல்கிறாள்.

நான் ஏன் கத்தினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

நான் நர்ஸ். ஓய்வு பெற்றவள். இளம் வயதில் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. 1990. ஆகஸ்ட். வியாழக்கிழமை. ஈராக் படை ஊருக்குள் நுழைந்த நாள். விடிந்தும் விடியாத நேரம். முதலில் ஹெலிகாப்டர். ரொம்பத் தாழ்வாக. பிறகு டாங்கி. டாங்கி வருவது காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். தரை நடுங்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். அதன் பிறகு துப்பாக்கி. தகரத்தில் சரளைக் கல்லைக் கொட்டுகிற சத்தம்.

என் அறையில் ரோஸ்லின் இருந்தாள். சிதம்பரத்துப் பெண். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "என்னான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். "மாடிக்குப் போவாதடி!" என்று கத்தினேன். போய்விட்டாள். கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை மட்டும் நீட்டியிருக்கிறாள். போர்வையில் வைத்து இறக்கினோம். சுற்றிலும் நர்சுகள். செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிதம்பரம் போய் அவள் அம்மாவிடம் சொன்னது நான்தான்.

பிறகு வார்டு. அங்கே வந்தவர்களில் சண்டை போட்டவர்கள் குறைவு. கதவைத் திறந்து பார்த்தவர்கள். ஜன்னலில் நின்றவர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள். அவர்களுக்குத்தான் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு மதியம் வாசலுக்குப் பக்கத்திலேயே வெடித்தது. அன்றிலிருந்து என் இடது காது சரியில்லை. செப்டம்பரில் கிளம்பினோம். பஸ். பாலைவனம். ஜோர்டானில் கூடாரம். தண்ணீருக்கு வரிசை. விமானம். பம்பாய். ரயில். கையில் ஒரு துணிப்பை மட்டும். சான்றிதழ்கள் எல்லாம் அங்கேயே போயின.

இதையெல்லாம் சொல்லித்தான் ஜெரால்டை வளர்த்தேன். என்ன பிரயோஜனம். எங்கள் ஊர் புத்தி அப்படி. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். கடலுக்குப் போகாதே என்பதற்காக ஏற்றுவது. அதைக் கேட்டதும்தான் எங்கள் ஆட்கள் கடலுக்குக் கிளம்புவார்கள். அலை பார்க்க. பைக்கில் மூன்று பேர். இடுப்பில் குழந்தையோடு குடும்பங்கள். போலீஸ் லத்தியைத் தூக்கிக்கொண்டு விரட்டும். இந்தப் பக்கம் ஓடி அந்தப் பக்கம் வருவார்கள். சுனாமி அன்று தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்க்க நின்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அன்று நான் டூட்டியில் இருந்தேன். கொண்டுவந்து கிடத்திய உடல்களைப் பார்த்தேன். அதற்கு அப்புறமும் வந்த ஒவ்வொரு புயலுக்கும் அலை பார்க்கப் போனார்களே, அவர்களை என்ன சொல்வது? ஜெரால்டும் போனான். முழுக்க நனைந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

இப்போது எல்லாம் டி.வி.யில் நடக்கிறது. பின்னணியில் மேளச் சத்தம். வரைபடத்தில் சிவப்பு அம்பு. நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். டீக்கடையில் யார் ஜெயிப்பது என்று பந்தயம் கட்டுகிறார்கள். பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால், "ஒங்க புள்ள அங்கதான இருக்கு? நேர்லயே பாக்குதா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் கொஞ்சம் பொறாமைகூட இருக்கிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு முறையாவது, "சாப்பிட்டானா, தூங்கினானா" என்று கேட்கக் கூடாதா?

அன்று மாடியில் நின்று தனியாக எடுத்த வீடியோவை ஜெரால்டு குடும்ப குரூப்பில் போட்டான். அவனைத் திட்டி முடிப்பதற்குள் ஷீலா அதை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் ஆரோக்கியம் சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். யூடியூப் சேனலும் உண்டு. அதில் ஏற்றிவிட்டான். மேளம் சேர்த்து. 'போர்முனையில் எங்க மச்சான்' என்று தலைப்பு. ஜெரால்டின் போட்டோ. முழுப் பெயர். கம்பெனி பெயர். வீடியோவுக்குள் என் மகனின் குரல். எந்தத் தெரு, எதிரே தெரிவது எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் சிதறல் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான்.

படம் எடுக்கக் கூடாது, பரப்பக் கூடாது என்று அந்த நாட்டு அரசு எச்சரித்திருந்தது. அது டி.வி.யிலேயே வந்தது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எங்கே விழுந்தது என்று சொன்னால் அது சுடுகிறவனுக்குத் தகவல். குவைத்தில் கேமரா வைத்திருந்த குற்றத்துக்காக ஆட்களை இழுத்துப்போனதைப் பார்த்தவள் நான். ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன்.

"அத மொதல்ல எடுடா! அவன புடிச்சிடுவாங்கடா!"

"இப்பதான் வியூஸ் ஏறுது அத்த. காலைல எடுத்துடறேன். நீங்க ரொம்ப ஜாஸ்தி பயப்படுறீங்க."

காலையில் எடுத்தான். அதற்குள் யார் யாரோ இறக்கி, யார் யாருக்கோ அனுப்பியாகிவிட்டது. மதியம் ஜெரால்டின் போன் அணைந்தது. நான் அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக். சாயங்காலம் அவன் அறைத் தோழன் அழைத்தான். "அம்மா, போலீஸ் வந்து கூட்டிக்கிட்டு பூட்டாங்க. அந்த வீடியோவ அவுங்க போன்ல காட்டி, இது நீதானன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டான்."

ஷீலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடித்துக்கொண்ட கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆரோக்கியம் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தான். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

அதன் பிறகு மனு. தூதரகத்துக்கு மெயில். கலெக்டர் அலுவலகத்தில் பெஞ்ச். எல்லா இடத்திலும் ஒரே பதில். விசாரணையில் இருக்கிறார். காத்திருங்கள். இதற்கிடையில் போர்நிறுத்தம் என்று டி.வி. சொன்னது. டீக்கடைக்காரர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாளே அந்த நாலு பேரும் வேறு எதற்கோ கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று ஆறுதல் சொல்ல ஒருவர் வந்தார். எங்கள் கோயில் சபையில் பெரிய மனிதர். காபி குடித்தார். ஆண்டவர் கைவிட மாட்டார் என்றார். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "அந்த வீடியோ ஒங்ககிட்ட இருக்காம்மா? நான் மட்டும்தான் பாக்கல." கதவைச் சாத்திவிட்டேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தப் போரில்: ரோஸ்லின். அவள் கல்லறை. என் படிப்புச் சான்றிதழ்கள். என் இடது காது.

இந்தப் போரில்: அவன் தங்கியிருந்த கட்டடம் அப்படியே நிற்கிறது. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. அந்தத் தெருவில் யாரும் சாகவில்லை. மாடியில் அவனோடு நின்றவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள். ஒருவன் மட்டும் இல்லை. ஜெரால்டு. என் ஒரே மகன். உயிரோடு இருக்கிறான் என்கிறார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அவன் பெயரையும் முகத்தையும் எந்த எதிரியும் அந்த நாட்டுப் போலீஸிடம் கொடுக்கவில்லை. கொடுத்தது எங்கள் வீடு.