தெங்காஸ் ஏற வேண்டிய மதகு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. மாமாக் டீக்கடையில் தே தாரிக் கேட்டால்கூடக் கடைக்காரர் காதை என் பக்கம் சாய்ப்பார். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டில் எல்லாருமே மெதுவாகப் பேசுகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நின்றவரை ஏன் எச்சரிக்கவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

நான் படித்தது நீர்வாழ் உயிரியல். சிடாம் கிரி பக்கம், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட ஓர் எஸ்டேட்டில், ஆற்றை மீட்கும் சிறிய திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே பழைய ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய தடுப்பணை இருக்கிறது. ஆலை போய்விட்டது. அணை நிற்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு மதகு, ஏற்றி இறக்க ஒரு சக்கரம்.

தெங்காஸ் என்ற ஆற்று மீன், மழை பிடித்ததும் மேலே ஏறிப் போய்க் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். அணை அதை மறிக்கிறது. கீழே உள்ள குட்டையில் கூட்டமாக நிற்கும், பிறகு வயிறு நிறைய முட்டையோடு திரும்பிவிடும். அணைக்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருந்தன. கீழே உள்ளவையும் ஏறிப் போய்க் கலந்தால்தான் இந்த ஆற்றில் அந்த மீன் பிழைக்கும் என்று அறிக்கை எழுதினேன். மதகைத் திறந்துவிட நிர்வாகம் சம்மதிக்க மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் கீழே நின்ற கூட்டம் குட்டையின் ஒரு மூலையில் அடங்கிவிட்டது.

லோகேஸ்வரனை எனக்குப் பிடிக்கும். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டின் பழைய லயத்து வீட்டில் குடியிருந்தார். தொழிற்சாலை வேலை போனபின், முதுகில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு, மின்சாரக் கம்பியைத் தண்ணீரில் விட்டு மீன் பிடித்தார். ஒருமுறை என் கார் சேற்றில் மாட்டியபோது அவர்தான் தள்ளிவிட்டார். சட்டையெல்லாம் சேறு. சிரித்துக்கொண்டே போனார்.

மின்சாரம் பட்ட மீனை அறுத்துப் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பு முறிந்து, அந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். அவர் கைக்குச் சிக்காமல் தப்பிய மீனும் அதிக நாள் வாழாது.

போன வாரம் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த மழைக்கு மட்டும் விட்டுருங்களேன். முட்டையோட நிக்குது."

"முட்டையோட இருந்தாத்தான், மிஸ், ரெஸ்டாரன்காரன் எடுக்குறான். வெறும் மீன யாரு கேக்குறா?"

"ஃபிஷரிஸ் ஆபீஸ்ல சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க லா. அவுங்க வந்து சேர்றதுக்குள்ள நான் பேரன் பாத்துருவேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ், ஒங்க மீனு மேல போவ பாஸ்போர்ட் எடுத்தாச்சா? மழ வருது, காரு மாட்டுனா கூப்புடுங்க" என்றார்.

நான் புகார் கொடுத்தேன். யாரும் வரவில்லை.

மதகைப் பார்த்துக்கொள்பவர் காளிதாசன் அண்ணன். பாலிங்கில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். அணைமேட்டு மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். முன்பு விடியற்காலையில் வேலையாட்களைப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட அடித்தது.

"மொதல்ல இத அடிக்கணும்மா. கீழருந்து யாராச்சும் கொரல் குடுத்தா, அவுங்க மேல ஏறி வந்தப்புறம்தான் சக்கரத்தத் தொடணும். ஆளே இல்லன்னாலும் அடிக்கணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

சரி என்றேன். சக்கரம் துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. அன்றே அதற்கு கிரீஸ் போட்டேன்.

இரவெல்லாம் மழை. காலையில் அணை விளிம்பு வரை தண்ணீர். தெங்காஸ் குட்டையில் முதுகு தெரிய நின்றன. லோகேஸ்வரன் இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கம்பியை அவர் இன்னும் இறக்கவில்லை. இறக்கியிருந்தால் அந்தக் கூட்டமே முடிந்திருக்கும். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காளிதாசன் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறப்பார். நான் சக்கரத்தை அது நிற்கும்வரை சுற்றினேன். சத்தம் இல்லாமல் சுழன்றது.

பேட்டரி கனமானது. வார் முதுகோடு இறுக்கிக் கட்டியிருந்தது. வெள்ளம் இழுத்துப் போக, கொஞ்ச தூரத்தில் சாய்ந்து கிடந்த செம்பனையை அவர் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார். சில தடவை கூப்பிட்டார். நான் பதில் சொல்லியிருக்கலாம். அந்த இரைச்சலில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. மதகை இறக்கியிருக்கலாம் என்கிறீர்கள். இறக்கியிருந்தால் மீன்கள் ஏற முடியாது.

பிறகு அவர் கூப்பிடவில்லை.

வேகம் தணிந்ததும் மதகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கறுப்பு உருவம் எதிர்த்து ஏறியது. மீசை தெரிந்தது. ஆப்பிரிக்கக் கெலி, கெளுத்தி வகை. பண்ணைக் குளங்களிலிருந்து ஆற்றுக்குத் தப்பி வந்த இனம். கிடைப்பதைத் தின்னும், முட்டையையும் குஞ்சையும் விடாது. அணைக்கு மேலே அது இருந்ததே இல்லை. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும். தெங்காஸ் ஒன்றுகூட ஏறவில்லை. வெள்ளம் அவற்றைக் கரைமேட்டுப் புல்லில் வீசியிருந்தது.

மேலே மிஞ்சியிருந்த மீன்களை இத்தனை காலம் காப்பாற்றியது அந்த அணைதான். சில ஆறுகளில் அப்படி நடக்கும் என்பது நான் படித்த பாடம். என் அறிக்கையில் அது இல்லை.

உடனே மதகை இறக்கினேன். மேலே போய் வலையால் கெலிகளைப் பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதன்பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தேன். லோகேஸ்வரனின் மனைவி ரூபினி கரைக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே மிஸ்" என்று அழுதார். அவருக்கு அப்போது எதுவும் தெரியாது. புதியவர்களிடம் எனக்குப் பேச வராது.

தண்டவாளத்தை அடிக்கக் குரல் தேவையில்லை என்கிறீர்கள். உண்மைதான். அதோடு கட்டியிருந்த சுத்தியலைக் காணோம் என்று தேடுகிறீர்கள். அது என் காரின் பின்பெட்டியில், வலைக்கு அடியில் இருக்கிறது. முந்தின நாள் மாலையே அவிழ்த்து எடுத்து வைத்தேன். காற்றில் அது தண்டவாளத்தில் மோதிச் சத்தம் வந்தால் மீன்கள் மிரண்டுவிடும்.