முயலுக்குக் கிடைத்த மெடல்

— பெட்டியக் கட்டினது போதும் ஜெகபர். மெடலோட வந்த அந்தக் காயிதத்த ஒருதரம் வாசி. பிரெஞ்சு படிச்சவன்தானே நீ?

— மனப்பாடம் வாப்பா. "சிப்பாய் நெய்னா முகம்மது, சைகோனுக்கு வடக்கே, ரூஸ் தெ கேர் செஞ்சு அஞ்சு பேரு உசுரக் காப்பாத்தினார்." இதக் காட்டித்தான் நாளைக்குப் பாண்டிச்சேரியில, சைகோன் போற பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் பேரு குடுக்கப் போறேன்.

— ரூஸ் தெ கேர்னா?

— போர்த் தந்திரம். எதிரிய ஏமாத்துறது.

— அது மொதல்ல யாரோட வித்தை தெரியுமா? முயலோடது. நாய் தொரத்தும்போது, வந்த தடத்துலயே திரும்பி ஓடி, ஒரே தாவுல பக்கத்துப் பொதருக்குள்ள பூந்துக்கும். அதுக்கு வேட்டைக்காரன் வச்ச பேருதான் ரூஸ். பட்டாளத்துக்காரன் அப்புறம்தான் எடுத்துக்கிட்டான். எங்க படைத் தலைவரு, கப்பித்தேன் சொன்னாரு.

— நல்லாத்தானே இருக்கு!

— முழுசாக் கேளு. அன்னிக்கு அந்த முயலே நான்தான். வெடிச் சத்தம் கேட்டதும் துப்பாக்கியப் போட்டுட்டு ஓடினேன் பாரு, காரைக்காலுக்கே வந்திருப்பேன். நடுவுல கடல் இருந்துச்சு.

— என்னங்க, புள்ளைகிட்டப் போயி இதெல்லாம்...

— நீ சும்மா இரு ரோஷன். பயத்துல திக்குத் தெரியாம ஒரே மூங்கில் தோப்ப மூணு தரம் சுத்தினேன். கால் தடுக்கி, சாப்பாட்டுத் தகர டப்பா மூட்டை மேல விழுந்தேன். அந்தச் சத்தத்துல பெரிய படை வந்திருச்சுன்னு எதிரி ஓடுறான். நானும் ஓடுறேன், அவனும் ஓடுறான்! கப்பித்தேன் தோள்ல தட்டி, "ரூஸ் தெ கேரா?"ன்னாரு. தலைய ஆட்டி வச்சேன். மெடலக் குத்திட்டாங்க.

— பொய் சொல்றீங்க வாப்பா.

— மெடலுதான் பொய்யி. அந்தப் படையில பழைய ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஒன் பேரக் கேட்டதும், "டப்பா மூட்டையில விழுந்தவன் மவனா?"ன்னு சிரிப்பாங்க. போறதுன்னா அதுக்குத் தயாராப் போ.

— ஊரெல்லாம் ஒங்க பெருமையச் சொல்லித் திரிஞ்சேனே! உம்மா, பெட்டிய உள்ள வைங்க. நான் மாமா கடைக்கே வேலைக்குப் போறேன்.

— ரோஷன், போயிட்டானா?

— கண்ணத் தொடச்சுக்கிட்டே போறான். இனி சைகோன் பேரெடுக்க மாட்டான்.

— அல்ஹம்துலில்லா. வாப்பா கோழைன்னு வெக்கப்பட்டா பட்டுட்டுப் போவட்டும். உசுரோட இருப்பான்ல.

— அது சரிங்க. எதிரிக்கு முதுகக் காட்டி ஓடினவருக்கு, நெஞ்சுல எப்படிங்க குண்டுத் தழும்பு வந்துச்சு?