ஆளுக்கு ஆளா, ஆளுக்குக் காசா?

கறையைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடும் ஆற்றல் மிக்க தலைவர், நம் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் அவர்களே! சூடு குறையாத இஸ்திரிப் பிரிவின் மூத்தவர்களே! மடிப்புக் கலையாத மாண்புடைய தாய்மார்களே! முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கும் என் வாழ்க்கைத் துணையே! அனைவருக்கும் இந்தக் கொதிகலன்காரனின் கொதிக்கும் வணக்கம்!

நாம் யார்? மட்டை பிடித்தவர்களா? பந்து வீசியவர்களா? இல்லை! தொலைக்காட்சியில் ஆடுகிறவர்களின் பெயரைத் தாளில் எழுதி, என் அணி என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள். அவர் விக்கெட் எடுத்தால் நமக்குப் புள்ளி; அவர் வழுக்கி விழுந்தால் நமக்கு வலி. அதுதான் நம் ஃபேன்டஸி லீக்! இதில் ஓர் ஆளைக் கொடுத்தால் ஓர் ஆளைத்தான் வாங்கலாம். இனி ரொக்கமும் வாங்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார், துணி வேன் ஓட்டும் என் மச்சான். அதை ஆதரித்துப் பேசத்தான் என்னை மேடையேற்றினார். பின்வரிசையில் சிரிப்பவர்களே, பொறுங்கள். சிரிக்க இன்னும் நிறைய இருக்கிறது.

மூன்று நாட்களுக்கு முன்பு என் அணி கடைசி இடம். முதலிடம் யார்? மடிப்புப் பிரிவில் பணிபுரியும் என் துணைவியார்! ஐந்தாண்டுகளில் முதன்முறையாகக் கோப்பை அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாமிடம், அவருடைய உடன்பிறந்த தம்பி, அதாவது இதே மச்சான். அந்தத் தம்பி கொதிகலன் அறைக்கு வந்தார்.

“மாமா, உங்க வேகப்பந்துக்காரரை எனக்குக் குடுங்க. நீங்கதான் தோத்தாச்சே, அவரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

சட்டைப்பையிலிருந்து ஓர் உறை எட்டிப் பார்த்தது. சட்டம் என்னாவது என்றேன். அதற்கும் ஆள் வைத்திருந்தார்: காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஒரு மட்டையாளர்! ஊர் கண்ணுக்கு ஆளுக்கு ஆள்; உள்ளுக்குள் ஆளுக்குக் காசு. வாங்கினேன். ஆம், தோழர்களே, வாங்கினேன்!

லீக்கின் அறிவிப்புப் பலகையில் இந்த மாற்றத்தைப் படித்த என் வீட்டு அம்மையார் ஓடி வந்தார். “ஏங்க, கால் உடைஞ்சவரையா வாங்குனீங்க? யாரு உங்களை ஏமாத்துனது?” கேட்டீர்களா? கணவன் ஏமாளி என்று நம்பினாரே தவிர, ஏமாற்றுக்காரன் என்று நினைக்கவில்லை!

அதோடு விட்டாரா? சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என் அணித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அந்தக் கால் உடைஞ்சவரை எனக்குத் தள்ளிடுங்க. என் சுழல்பந்துக்காரரை நீங்க எடுத்துக்குங்க. நீங்க கடைசியா நிக்குறது எனக்குப் பிடிக்கல.” கோப்பைக்கு மூன்றே ஆட்டங்கள் இருக்கும்போது! பதினைந்து ஆண்டுகளாகக் கொதிகலன் முன் நிற்கிறேன். அன்றுதான் எனக்கு வியர்த்தது. வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

காசு உள்ளே வந்தால் என்னாகும்? தோற்றவன் விற்பான், வைத்திருப்பவன் வாங்குவான், ஆட்டம் தெரிந்தவர் வேடிக்கை பார்ப்பார்! இதற்கா லீக்? இதற்கா கோப்பை? இதற்கா நாம் துவைத்த கையோடு தாளும் பேனாவும் தூக்கினோம்? தீர்மானத்தை எதிர்க்கிறேன்! என் வியாபாரத்தையும் ரத்து செய்யுங்கள்!

என்ன மச்சான்? “காசைத் திருப்பிக் குடுங்க மாமா”வா? நியாயமான கேள்வி. அந்தக் காசு இப்போது உங்கள் அக்காவின் மணிக்கட்டில் நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாள் பரிசு!

அமைதி, அமைதி! அம்மையார் எழுந்துவிட்டார். பேசட்டும்.

“வாட்ச் இங்கயே இருக்கும். காசை உங்க சம்பளத்துல குடுங்க. டேய் தம்பி, ஆளை அவருக்கே திருப்பிக் குடு. மிச்சத்தை மூணு ஆட்டத்துல பாத்துக்கலாம்.”

தலைவர் அவர்களே, இதற்குமேல் வாக்கெடுப்பு எதற்கு? ஆனாலும் நடத்துங்கள். எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள்! அதோ பாருங்கள், அக்கா திரும்பிப் பார்த்த ஒரே பார்வையில், தீர்மானம் கொண்டுவந்தவரே முதல் கையைத் தூக்கிவிட்டார்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சம்பள நாள்வரை பொறுக்கப் போகும் மச்சானுக்கும் நன்றி கூறி, வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்ற ஒரே கவலையோடு அமர்கிறேன். வணக்கம்!