பலகைச் சாமியிடம் சொன்ன பெயர்

அவைத் தலைவர் சிங்காரவேலு அவர்களே, நம் கொம்யூன் என்னும் ஊராட்சியை நிர்வகிக்கும் மேர் அவர்களே, தென்பெண்ணை மணலையே பாயாக்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, காலில் சேறு உலரும் முன்னே வயலிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் விருத்தாம்பாள் வணங்குகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சாராயக் கடைப் பலகையின் மஞ்சளையும் குங்குமத்தையும் நான் கழுவிவிட்டேன் என்று குருவிநத்தம் முழுக்கப் பேசுகிறார்கள். "கன்னியாஸ்திரி மடத்துல படிச்ச அம்மாவுக்குச் சாமிய பத்தி இன்னா தெரியும்?" என்றும் பேசுகிறார்கள். வாளியோடு போனேன்; அது உண்மை. ஒரு சொட்டுத் தண்ணீரும் பலகையில் படவில்லை, அதுவும் உண்மை. ஏன் படவில்லை என்று சொல்லவே மேடை ஏறினேன்.

வெளியூரார் அறிய வேண்டும். சென்ற ஐப்பசியில் சாமிக்கண்ணுவின் சாராயக் கடை வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். "சாராயம் ஈரலைக் கெடுக்கும், ஆயுளைக் குறைக்கும்." தமிழ் வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. அதில் பிழை தேடுகிறவர் ஏமாந்து போவார். பக்கத்தில் ஓவியர் ஒரு குடிகாரரின் முகத்தை வரைந்தார்: பிதுங்கிய விழி, சிவந்த கண், தொங்கிய நாக்கு.

என்ன நடந்தது? படிக்கத் தெரிந்த ஆண்கள் படித்தார்கள். படித்து என்ன செய்தார்கள்? பலகையைத் தொட்டு, "ஈரலுக்கு ஒண்ணு, ஆயுசுக்கு ஒண்ணு!" என்று இரண்டிரண்டாகக் குடித்தார்கள். சிரிக்காதீர், செல்லப்பன்! அந்த வாசகத்துக்கு ராகம் போட்டவரே நீர்தான்.

படிக்கத் தெரியாத பெண்கள் முகத்தைப் பார்த்தார்கள். பிதுங்கிய கண்ணும் நீண்ட நாக்கும் யாருக்கு இருக்கும்? காவல் தெய்வத்துக்கு அல்லவா? ஒருத்தி மஞ்சள் பூசினாள். ஒருத்தி குங்குமம் வைத்தாள். ஒருத்தி வேப்பிலை செருகினாள். ஒரு வாரத்தில் என் எழுத்தெல்லாம் மஞ்சளில் மூழ்கிப் போயிற்று. எனக்குக் கோபம். வாளியை எடுத்தேன்.

அந்த அந்திப் பொழுதை இன்னும் கனவுபோல் காண்கிறேன். ஆற்றிலிருந்து பனி எழுந்து கரும்புத் தோட்டத்தின் மேல் மிதந்தது. வெல்லம் காய்ச்சும் வாசனையும் சாராய வாசனையும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு வந்தன. பலகைக்கு முன் ஓர் அகல் விளக்கு. அதன் சுடர் அசைய, வரைந்த விழிகளும் அசைந்தன. அங்கே நின்றாள் நடவு நடும் கலியம்மாள்.

"சாமி, அவுரு உள்ள கீறாரு. வூட்டுக்கு அனுப்பு சாமி."

உள்ளிருந்து ஒரு குரல்: "எந்த அவுரு? இங்க குந்தினு இருக்கிறவன் எல்லாம் ஒரு அவுருதான்!"

"என் மூத்த புள்ளைக்கு அப்பா."

"இங்க எல்லாருக்கும் மூத்த புள்ள கீதுடி! சாமி கொழம்பிப் பூடும், நல்லா வெளக்கிச் சொல்லு!"

கடை குலுங்கச் சிரித்தது. கட்டியவன் பெயரை நாம் சொல்வதில்லையே, தாய்மார்களே! கலியம்மாள் உதட்டைக் கடித்தாள். சுடரைப் பார்த்தாள். பிறகு, ஊர் கேட்க, ஆறு கேட்கச் சொன்னாள்:

"இருசப்பன்! சாமி, அவுரு பேரு இருசப்பன்! ரத்த ரத்தமா வாந்தி எடுக்குறாரு. அவுரு பூட்டா நான் யாருகிட்ட சண்ட போடுவேன்?"

சிரிப்பு நின்றது. இருசப்பன் வெளியே வந்தார். "ஊரு கேக்கப் பேரச் சொல்லிப்புட்டியேடி!"

"சொல்லாத இருந்து உன்னப் பொணமா தூக்கச் சொல்றியா?"

அவர் முன்னே நடந்தார். அவள் பின்னே நடந்தாள். பனி இருவரையும் மூடிக்கொண்டது. என் வாளி நிறைந்தபடியே வீடு திரும்பியது.

அவர் அடியோடு விட்டுவிட்டாரா? இல்லை, மேடைக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பெயர் சொல்லி அழைத்தால் எழுந்துவிடுகிறார். வைத்தியரிடமும் போய் வருகிறார்.

எச்சரிக்கையால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். என் பலகை எல்லோரிடமும் பேசியது. ஆகையால் ஒருவரிடமும் பேசவில்லை. கலியம்மாள் ஒருவரிடம் பேசினாள். கடை முழுதும் கேட்டது! எழுத்து அச்சுறுத்தியது, அவர்கள் சிரித்தார்கள். பெயர் அழைத்தது, ஒருவர் எழுந்தார்!

இப்போது சாமிக்கண்ணு மேரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். "கோயில் கட்ட என் கடை வாசல்தானா கெடச்சுது? புடுங்கி எறியுங்க" என்கிறார். பலகை போனால் என்ன போகும்? பெண் கடை வாசலில் நின்றால் வம்பு. சாமி முன் நின்றால் வழிபாடு. அவள் நிற்பதற்கு அங்கே இருக்கும் இடம் அந்த ஒரு முழ நிழல்தான். அதையும் பிடுங்கினால் கலியம்மாள் எங்கே நின்று அழைப்பாள்?

இன்னொரு திருத்தம். தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, என் கணவர் விஷக் காய்ச்சலில் மறைந்தார் என்றார். காய்ச்சல் அல்ல, ஐயா. கோஞ்ஞாக் என்ற பிரெஞ்சு மது. சீமைப் புட்டி, பளிங்குக் கிண்ணம், பொன்னிற வெளிச்சம். கடையில் குடித்தால் குடிகாரன், கூடத்தில் குடித்தால் கனவான் அல்லவா? மருத்துவர் அழகான பிரெஞ்சில் எச்சரித்தார். என் கணவரும் அழகான பிரெஞ்சில் நன்றி சொல்லி, அடுத்த கிண்ணத்தை நிரப்பினார். நான் வாசற்படியில் நின்று "ஏங்க" என்றேன். அதற்கு மேல் நம் வழக்கம் என்னை விடவில்லை. இன்றும் கனவில் அந்தப் பொன் வெளிச்சத்தில் அமர்ந்திருக்கிறார். நான் வாசற்படியில் நிற்கிறேன். அவர் திரும்புவதில்லை.

கலியம்மாள் கற்றுக் கொடுத்ததை இன்று சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் உலகநாதன்.

உலகநாதன்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். மேர் அவர்களே, கலியம்மாளின் பலகை நட்ட இடத்திலேயே நிற்குமா, நிற்காதா? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.