கேம்புக்குப் போகும் கப்பல்

— அல்லா, காது போச்சு! அந்தச் சங்கை நம்ம பங்க் படுக்கைக்கு நேர் மேலேதான் வச்சு ஊதணுமா? இந்திராணி, வழியனுப்ப வந்தவங்க இறங்கணும்னு ஊதுறான். உன் வீட்டுக்காரரு இன்னும் நிக்கிறாரே.

— அவர் வழியனுப்ப வரலை ரஹ்மத்தக்கா. என்னை இறக்கிக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.

— பின்னே? புருஷன் ஆபீஸ்ல இருக்கிற நேரமாப் பார்த்துப் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தவளுக்கு மாலையா போடுவாங்க? எழுந்திரு இந்திராணி. ஹேடோ ஜெட்டியில மொத்த ஸ்டாஃபும் பார்க்குது. அரே, இந்தத் தமாஷா போதும்.

— ஓடி வரலைங்க. ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருக்கேன். மெட்ராஸ்ல இந்தியா ஹாக்கி டீமுக்குக் கேம்ப். தீவுல இருந்து இந்தக் கப்பலை விட்டா, அடுத்தது போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் எடுத்து முடிச்சுடுவாங்க.

— இந்தியா டீம்! அரே, கல்யாணத்துக்கு முன்னால சிலோன் போய் ஏதோ ரெண்டு பந்தைத் தட்டினே. டீம் கோட்டுன்னு ஒண்ணு குடுத்தான். அதுல இப்ப கரப்பான் குடியிருக்கு.

— கோட்டைப் பூட்டி வச்சது நீங்க.

— இருபத்தேழு வயசுல முழங்கால் தெரியப் பாவாடை கட்டிக்கிட்டு, சின்னப் பொண்ணுங்க பின்னால மூச்சு வாங்க ஓடப் போறியா? சிரிப்பாங்க, சமஜ்தி ஹை, புரியுதா?

— மின்னி பே கடற்கரையில விடியக்காலையில என்கூட ஓடினவங்களைக் கேளுங்க, யாருக்கு மூச்சு வாங்குச்சுன்னு.

— யாரு, சாத்தம் மில்லுல மரம் தூக்குற பசங்களா? கார்கோ சூப்பர்வைசர் பெண்டாட்டி அவனுங்களோட கம்பு சுத்துறா. எனக்கு வேற என்ன பெருமை வேணும்.

— அவங்கள்ல ஒருத்தனும் எங்கிட்ட இருந்து பந்தைப் பறிச்சதில்லை. உங்களையும் ஒருநாள் வந்து பறிக்கச் சொன்னேன். வேட்டி தடுக்கும்னீங்க.

— கோவிச்சுக்காதீங்க தம்பி. எங்க கடையில உங்க பேச்சு வந்தா, இந்தியாவுக்கு ஆடின பொண்ணோட புருஷன்னுதான் சொல்லுவாங்க. உங்க பேரு ஒருத்தர் வாயிலயும் வர மாட்டேங்குது.

— என் பேரு சிவஞானம்! இந்த ஜெட்டியில என் கையெழுத்து இல்லாம ஒரு மூட்டை அசையாது, தெரிஞ்சுக்குங்க.

— இவளையும் மூட்டைன்னு நெனச்சுட்டீங்களாக்கும்.

— பெட்டியை எடு இந்திராணி.

— எடுக்கிறேன். முதல்ல உக்காருங்க. நான் ஏன் போகக் கூடாதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. புரிஞ்சா இறங்கிடறேன்.

— இது புத்தி. கேளு. வீட்டுல சோறு யார் ஆக்குறது? அது கிடக்கட்டும். நீ தோத்துட்டு வந்தா ஆபீஸ்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? ஜெயிச்சா அதைவிடக் கேவலம். பேப்பர்காரன் வீடு தேடி வருவான். நான் அவனுக்கு டீ போட்டுக் குடுக்கணும். எங்க பரம்பரையில எவனாவது பெண்டாட்டி சம்பாதிச்ச பேர்ல நடமாடினானா? எங்க பெரியப்பா இருக்காரே, அவர்...

— தம்பி, தரை ஒரு மாதிரி ஆடுதே.

— கட்டிப் போட்ட கப்பலும் ஆடும்மா. குறுக்கே பேசாதீங்க. நான் இறங்காம ஏணியை எடுக்க மாட்டானுங்க. கயித்துக்கிட்ட நிக்கிறவன் கோவிந்தராஜ், என் ஆளு.

— அப்ப இந்த வட்ட ஜன்னல்ல எட்டிப் பாருங்க. ஜெட்டி எங்கேயோ தூரத்துல நிக்குது.

— ஏய்... கோவிந்தராஜ்! யாரைக் கேட்டுடா கயித்தை அவுத்தே?

— என்னைக் கேட்டுத்தாங்க. உங்களை உக்கார வச்சுப் பேச விடுறேன், அந்த நேரத்துல அவுத்துடுங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சேன். நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்கன்னு அவருக்கும் தெரியும்.